நடுவில் உள்ள பாசுரங்கள்

காக்ஸ் டவுன் சந்தைக்குப் பின்தெருவிலிருந்த பொது நூலகத்தில், மேசைக்கு இப்புறம் நின்ற ஆராவமுதனுக்கு, தாம் எந்த ஊரில் வாழ்கிறோம் என்பதை மெய்ப்பிக்க ஒரு துண்டுக் காகிதமும் தம்மிடம் இல்லையென்பது அன்றுதான் புலனாயிற்று. நூலகர் அன்னம்மாள் அவருடைய ஆதார் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அதிலிருந்தது மைசூர் முகவரி. சமஸ்தானச் சேவையிலிருந்த பாட்டனார் கட்டிய வீடு அது. விற்றுப் பல்லாண்டு கழிந்தும் ஆராவமுதன் அதை அட்டையிலிருந்து மாற்றவில்லை. முன்னோர் நின்ற இடம் எங்கேனும் ஓரிடத்தில் நிற்கட்டும் என்று விட்டிருந்தார்.

“மைசூர் அட்ரஸ் ஆகல்ல சார். பெங்களூர்ல குடியிருக்கேன்னு காட்டணும். கரண்ட் பில், கேஸ் புக், வாடகை அக்ரிமெண்ட், எது இருந்தாலும் சரி.”

நகரில் குடியிருப்போர் எவரும் நூலக உறுப்பினராகலாம் என்றும், உறுப்பினரானால் உலகெங்கும் வெளிவரும் ஆய்விதழ்களைத் திரட்டி வைத்த தரவுத்தளங்கள் அவர்களுக்கு இலவசமாகத் திறக்கும் என்றும், நூலகத்துக் கணினியில் மட்டுமன்றிக் கைப்பேசியிலும் படிக்கலாம் என்றும் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பு கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கூறியது. அந்த ‘எவரும்’ என்ற சொல்லை நம்பித்தான் அவர் வந்திருந்தார். கல்லூரியில் தமிழ் பயிற்றி ஓய்வுபெற்றவர். ஒரு பாட்டின் ஒற்றைப் பாடபேதத்துக்காக ஊரூராய்ச் சுவடிக் கூடங்களுக்கு அலைந்தவர். எந்த நூலகத்தின் வாயிலிலும் அவர் நெஞ்சு இவ்வாறு அடித்துக்கொண்டதில்லை.

பையிலிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமீது வைத்தார். மின்கட்டண ரசீது பாகீரதியின் பெயரில் இருந்தது. எரிவாயு இணைப்பும் வாடகை ஒப்பந்தமும் அவ்வாறே. வீட்டுக்கு வரும் காகிதம் எதையும் அவர் தொட்டவரல்லர்; எல்லாவற்றையும் மனைவியே பார்த்தாள்.

“எல்லாம் அம்மா பேர்லயே இருக்கே. அவங்களை ஒரு தடவை வரச் சொல்லுங்க சார், உடனே போட்டுடலாம்.”

“அவளால வர முடியாதும்மா. ஆஸ்பத்திரியில இருக்கா. என்னையே யாருன்னு கேக்கறா.”

 அன்னம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு அமரச் சொன்னார். வர இயலாதவருக்காக வீட்டார் வந்து பதிவு செய்யலாமாம். அவருடைய சான்றும், அவர் கைப்பேசிக்கு வரும் உறுதி எண்ணும் இருந்தால் போதுமாம். பாகீரதியின் கைப்பேசி ஆராவமுதனின் சட்டைப் பையில்தான் இருந்தது. அவள் அதைக் கேட்பதை நிறுத்திய நாளிலிருந்து அவர் அதைத் தம் நெஞ்சோடு வைத்திருந்தார்.

“இத்தனை வருஷமா வீடு அவங்களுது, நீங்க விருந்தாளி,” என்றார் அன்னம்மாள் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டே. “எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். கேஸ் நம்பர் கேட்டா சர்ச்சுக்குப் போற வழியைச் சொல்லுவாரு.”

ஆராவமுதன் சிரித்தார். சிரித்தபின், அவ்வொலி தம்முடையதோ என்று ஐயுற்றார்.

திரை விளங்கியது. ‘நல்வரவு, பாகீரதி ஆராவமுதன்’ என்றது.

பாகீரதியின் நோய் விசித்திரமானது. உடலைக் காக்கவேண்டிய படையே அவளது மூளையைப் பகைப்புலம் எனக் கருதித் தாக்கிக்கொண்டிருந்தது. கோடையின் தொடக்கத்தில் ஒருநாள், பேருந்தில் ஏறியவள், இறங்குமிடத்தை நடத்துநரிடம் சொல்லத் தெரியாமல் நின்றாள். எல்லாக் காகிதத்திலும் தன் பெயரால் முகவரி பொறித்து வைத்திருந்தவள் வாய்க்கு அம்முகவரி வரவில்லை. அதன்பின் வலிப்பு வந்தது, உறக்கம் போயிற்று, மகனின் பெயர் போயிற்று, இறுதியில் கணவனும் போனார். மருத்துவமனையில் முதலில் கொடுத்த மருந்தும், குருதியை வடித்துத் தூய்மை செய்ததும் பயன் தரவில்லை.

நரம்பியல் மருத்துவர் சுப்ரியா, எஞ்சியிருப்பது ஒரு வழி என்று முந்தின நாள் சொல்லியிருந்தார். தடம் மாறிய அப்படையையே கலைத்துவிடும் மருந்து ஒன்று உண்டு. பாகீரதியின் வயதினருக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று அயல்நாட்டு இதழில் வந்திருக்கிறது. அதன் முகப்புச் சுருக்கம் மட்டுமே இணையத்தில் இலவசம். முழுவதையும் படிக்காமல் கொடுக்கத் தமக்குத் துணிவில்லை. எழுதியவர்களுக்கு மடல் விடுத்திருப்பதாகவும் விடை வரவில்லையென்றும் அவர் சொன்னார். நாட்கள் போகப் போக மூளையில் மீளாத அழிவு கூடும் என்பதையும் மறைக்கவில்லை.

ஆராவமுதனின் செவியில் அவற்றுள் ஒன்றே தங்கியது. எங்கோ ஒரு நூல் இருக்கிறது. அது கிடைத்தால் அவள் மீள்வாள். நூலைத் தேடுவது அவர் அறிந்த தொழில்.

தேடற்பெட்டியில் அவர் அக்கட்டுரையின் தலைப்பை அதன் முதற்சொல்லிலிருந்து எழுத்தெழுத்தாக இட்டார், பாட்டு முதற்குறிப்பு அகராதியில் பாசுரம் தேடுபவரைப் போல. பூட்டிய கதவு போல் முந்தின நாளெல்லாம் அவரைத் திருப்பி அனுப்பிய அப்பக்கம், பாகீரதியின் பெயருக்குத் திறந்துகொண்டது.

முதற்பக்கத்தைப் படித்தார். நோயின் கொடுமை, மருந்தின் பெயர், கொடுக்கப்பட்டோர் தொகை, அவர்களுட் பெரும்பாலோர் தேறினர் என்ற முடிவு. கண் மங்கியது. துடைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்துக்குப் போனார். இத்தகைய நோயாளருக்கு இம்மருந்து பயன் தரும், காலந்தாழ்த்தாது தொடங்குதல் நன்று என்று அங்கே இருந்தது. இடையிலிருந்த பக்கங்களில் கட்டங்களும் எண்களும் எறும்புச் சாரை போன்ற சிற்றெழுத்துகளுமாய் ஏதேதோ நிறைந்திருந்தன. அவற்றை விரலால் உருட்டித் தள்ளினார்.

அஃது அவர் குடும்பத்தில் வழிவழி வந்த பயிற்சி. பொழுது குறுகும் நாளில், பத்துப் பாசுரத்துள் முதலதையும் கடையதையும் மட்டும் ஓதி நிறைவு செய்வார்கள். முதற்பாசுரம் பெருமானையும் அவன் உறையும் ஊரையும் காட்டும். கடைப்பாசுரம் பாடியவர் பெயரையும், ஓதுவோர் அடையும் பேற்றையும் சொல்லும். இரண்டையும் சொன்னால் பத்தையும் சொன்னதாகக் கொள்வர். வாழ்நாளெல்லாம் அவ்வாறு கைகூப்பியவர், தம்மை அறியாமல் இங்கும் அவ்வாறே கைகூப்பினார். பலசுருதி நல்லதாக இருந்தது. அது போதும் என்றிருந்தது அவருக்கு.

அன்னம்மாள் எல்லாப் பக்கங்களையும் அச்செடுத்து மூலையில் பின் அடித்துக் கொடுத்தார். உறுப்பினர் எண்ணையும் கடவுச்சொல்லையும் தனித்தாளில் எழுதித் தந்து, மறுபடி பார்க்கவேண்டுமானால் கைப்பேசியிலேயே திறக்கலாம், அதற்காக இவ்வளவு தூரம் வரவேண்டாம் என்றார். வாசல்வரை வந்து, ஞாயிற்றுக்கிழமை பூசையில் அம்மாவின் பெயரைச் சொல்வதாகவும் கூறினார். ஆராவமுதன் அவரைக் கும்பிட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

சுப்ரியா தம் அறையில் அக்கட்டுரையை நின்றவாறே படிக்கத் தொடங்கி, இரண்டாம் பக்கத்தில் அமர்ந்தார். ஆராவமுதன் எதிரே கைகட்டி இருந்தார். தம் மாணவருள் மிக இளையவளாக இருந்திருக்கக்கூடிய பெண். அவள் கண்ணிமை அசைவதைப் பார்த்துக்கொண்டு, தீர்ப்புக்குக் காத்திருப்பவர் போல் இருந்தார். மருத்துவர் வேகமாகப் புரட்டவில்லை. நடுப்பக்கம் ஒன்றில் நெடுநேரம் நின்றார். பிறகு அப்பக்கத்தில் விரலை வைத்தபடியே தலைநிமிர்ந்தார்.

“சார், ஒரு விஷயம் மறுபடியும் கேக்கறேன். அட்மிஷன் அப்பவே கேட்டதுதான். அம்மாவுக்குச் சின்ன வயசுல டிபி வந்ததுண்டா? மாசக்கணக்கா மாத்திரை சாப்பிட்டிருக்காங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

ஆராவமுதன் யோசிக்கவில்லை. யோசிக்கத் தேவையும் இல்லை, அவருக்குத் தெரியும்.

திருமணமான முதல் ஆண்டில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், பாகீரதி அவரிடம் சொல்லியிருந்தாள். பதினாறு வயதில் இருமலோடு குருதி வந்தது. பிறந்தகத்தார் அவளை மாடியறையில் தனியே வைத்து, உறவினருக்கு மஞ்சட்காமாலை என்று சொல்லி, ஓராண்டுக்கும் மேலாக மருந்து கொடுத்துக் குணமாக்கினார்கள். அச்செய்தி அரைகுறையாய்க் கசிந்ததில் அக்காவுக்கு நிச்சயித்த திருமணம் முறிந்தது. தங்கை இன்னும் கன்னியாயிருந்தாள். ஆகவே இவளைப் பெண்பார்க்க வந்த ஆராவமுதன் வீட்டாரிடமும் வாய் திறக்கவில்லை. ஏமாற்றிவிட்டதாக எண்ணுவீரோ என்று அழுதவளை அவர் பூசையறைக்கு அழைத்துச் சென்று, பெருமாள்முன் அவள் கையைப் பற்றிக்கொண்டு, இதை எவரிடத்தும் எக்காலத்தும் சொல்வதில்லை என்று வாக்களித்தார். அவள் அன்று சிரித்த சிரிப்பையே தம் இல்லறத்தின் தொடக்கமாக அவர் கருதிவந்தார். தங்கைக்கு மணமாகி, அவள் பிள்ளைகளுக்கும் மணமாகிவிட்டது. காரணம் காலாவதியாயிற்று, வாக்கு ஆகவில்லை. அதிலிருந்து அவரை விடுவிக்கக்கூடிய ஒருத்தி, இப்போது அவரை யாரென்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதனோடு வேறோர் அச்சமும் சேர்ந்தது. ஆமென்றால் இந்தப் பெண் கட்டுரையை மூடிவைத்து, மருந்து வேண்டாம் என்று சொல்லிவிடுவாள்.

“இல்லைம்மா,” என்றார். “அப்படியெல்லாம் எதுவும் இல்லை.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

காசநோய்ச் சோதனையும் தெளிவாக ஒன்றும் காட்டவில்லை, நெஞ்சுப் படத்தில் தெரிந்த சிறு தழும்பு எவருக்கும் இருக்கக்கூடியதுதான் என்று சுப்ரியா தமக்குத்தாமே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். பிறகு, மறுநாள் காலையிலேயே மருந்தைத் தொடங்கிவிடலாம் என்றார். ஆராவமுதன் எழுந்து நின்று நன்றி கூறினார். நெடுநாள் நோன்பு முடித்தவரின் இலேசான தலைச்சுற்றல் அவருக்கு இருந்தது.

மாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து மகன் ஷ்ரேயாஸ் வந்தான். மேம்பாலத்துச் சுங்கச்சாவடி நெரிசலில் அலுவலகக் காரை விட்டிறங்கிப் பாதிவழி நடந்தே வந்ததாகச் சொன்னான். முகத்தில் புழுதி படிந்திருந்தது. அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. வார்டின் வெளியே இருந்த நாற்காலியில் அமர்ந்து, கட்டுரையின் பெயரைத் தந்தை காலையில் அனுப்பியவுடன் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டுச் சுருக்கம் வாங்கிவிட்டதாகவும், அதுவும் நல்ல பலன் என்றே சொன்னதாகவும் தெரிவித்தான்.

ஆராவமுதனுக்குச் சினம் வந்தது. தாயின் உயிரைச் சுருக்கத்தில் தேடுகிறாயே என்றார். எதையும் மூலத்தில் படிக்கவேண்டும், அதற்காகத்தான் தாம் நூலகம் போய் நின்றோம் என்றார்.

“சரிப்பா. நீங்க முழுசாப் படிச்சேளா?”

அம்மாவுக்கு ஓதும் நேரம் ஆயிற்று என்று எழுந்து உள்ளே போனார்.

பாகீரதி தலையணையில் சாய்ந்து, சன்னலுக்கு வெளியே எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி பிடுங்காதிருக்க இடக்கையைத் துணியால் கட்டியிருந்தார்கள். அவரைக் கண்டதும் விருந்தினரைக் காணும் இல்லத்தரசியின் முகமலர்ச்சி அவளிடம் தோன்றியது.

“வாங்கோ மாமா, உட்காருங்கோ. எங்காத்துக்காரர் இப்ப வந்துடுவார்.”

“வரட்டும்,” என்றார் ஆராவமுதன். “அதுவரைக்கும் ரெண்டு பாசுரம் சொல்லட்டுமா?”

சொல்லுங்கோ என்று அவள் தலையசைத்தாள். நோய் எல்லாவற்றையும் கொள்ளையிட்டும் ஒன்றைத் தொடாமல் விட்டிருந்தது. அவர் ஓர் அடி தொடங்கினால் அவள் உதடு மறுவடியை முடிக்கும். பெயர்கள் போன இடத்தில் பாட்டு நின்றது. அந்த ஒரு நூலிழையைப் பற்றிக்கொண்டுதான் அவர் ஒவ்வொரு மாலையும் அப்படுக்கையருகே அமர்ந்திருந்தார்.

அன்று அவருக்குக் களைப்பு மிகுதி. முதற்பாசுரத்தை ஓதினார். கடலும் கோபுரமும் வந்தன. சங்கேந்திய கை வந்தது. அவளும் உடன் முணுமுணுத்தாள். அது முடிந்ததும், வழக்கப்படி கடைப்பாசுரத்தின் முதற்சொல்லை எடுத்தார்.

பாகீரதியின் உதடு நின்றது. கட்டாத கையை உயர்த்தி அவரைத் தடுத்தாள்.

“என்ன மாமா இது? நடுவுல எட்டு இருக்கே. அதையெல்லாம் யார் சொல்றது?”

நேரமாகிறது என்று அவர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. சிறுமியைக் கண்டிக்கும் பாட்டுவாத்தியார் போல அவரைப் பார்த்துவிட்டு, இரண்டாம் பாசுரத்தைத் தானே தொடங்கினாள். தடுமாற்றமின்றிச் சொன்னாள். மூன்றாவது வந்தது, நான்காவது வந்தது. பாடிய அடியார் தம் துன்பத்தைச் சொல்லும் பகுதி அது. என் குற்றம் இது, என் நோய் இது, பிறரிடம் மறைத்தேன், உன்னிடம் எவ்வாறு மறைப்பேன் என்று ஒன்றன்பின் ஒன்றாக நீளும் முறையீடு. முதலில் ஊர், முடிவில் பேறு. அழுகையெல்லாம் நடுவில்தான் இருந்தது. மாணவருக்கு அவரே எத்தனையோ முறை அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

ஐந்தாம் பாசுரத்தில் அவள் கண்ணயர்ந்தாள். ஆராவமுதன் அசையாமல் இருந்தார். அவர் அகக்கண்ணில் வேறொன்று எழுந்தது. அக்கேள்வியைக் கேட்கும்போது சுப்ரியாவின் விரல் ஒரு நடுப்பக்கத்தின்மீது இருந்தது.

எழுந்து வெளியே வந்தார். மகனுக்கு அப்பால் இருந்த சுவரோர இருக்கையில் அமர்ந்து, பாகீரதியின் கைப்பேசியை எடுத்தார். அன்னம்மாள் எழுதிக் கொடுத்த எண்ணை இட்டபோது விரல் இருமுறை தவறியது. மூன்றாம் முறை திரை, ‘நல்வரவு, பாகீரதி ஆராவமுதன்’ என்றது. கட்டுரை திறந்தது. இம்முறை முதற்பக்கத்தையும் கடைப்பக்கத்தையும் அவர் பார்க்கவில்லை.

இரண்டாம் பக்கத்திலிருந்து வரிவரியாகப் படித்தார். விளங்காத சொல்லை விளங்காமலே கடந்தார். கட்டங்களின் தலைப்பைப் படித்தார். கட்டத்தின் கீழிருந்த பொடியெழுத்துகளை விரலால் விரித்துப் பெரிதாக்கிப் படித்தார். ஐந்தாம் பக்கத்தில் அது இருந்தது.

இளமையில் காசநோய் கண்டு ஆறியிருந்தோர் சிலருக்கு, இம்மருந்தின்பின் உறங்கிய நோய் விழித்தது. அவர்களுள் இருவர் மீளவில்லை. முன்னரே கொடுத்திருந்த மருந்துகளால் உடலைக் காக்கும் படை சோர்ந்திருந்தமையின் அவர்களுடைய சோதனைகள் ஒன்றும் காட்டவில்லை. மருந்து தொடங்குமுன் சில வாரம் காப்பு மாத்திரை கொடுத்திருப்பின் இதனைத் தவிர்த்திருக்கக்கூடும். அதன்கீழ், இன்னும் சிறிய எழுத்தில், ஒரு குறிப்பு: இருவருடைய முன்நோயும் பின்னரே தெரியவந்தது, கேட்டபோது குடும்பத்தார் இல்லையென்று கூறியிருந்தனர்.

ஆராவமுதன் அவ்வரியை மீண்டும் படித்தார். கடல் கடந்த ஊரில், தாம் காணாத மனிதர் இருவர், யாருக்கோ கொடுத்த வாக்கைக் காத்துக்கொண்டு, ஒரு மருத்துவர்முன் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். அவர்களுடைய சொல் இங்கே பொடியெழுத்தாய்க் கிடந்தது. தம்முடைய சொல்லும் அவ்வாறே ஒருநாள் யாருடைய கட்டுரைக்கோ அடிக்குறிப்பாகும்.

உடனே எழுந்திருக்க அவரால் இயலவில்லை. சொன்னால் நாளைய மருந்து தவறும், வாரங்கள் கழியும், அதற்குள் அவளிடம் எஞ்சிய பாட்டும் போய்விடலாம். சொல்லாவிடின் மருந்தே கூற்றமாகும். வேறு காரணம் காட்டித் தள்ளிப்போடச் சொல்லலாமா என்று எண்ணினார். தெரியாது, இருக்கலாம், நினைவில்லை என்று சொற்களைப் புரட்டிப் பார்த்தார். எச்சொல்லை எடுத்தாலும் ஒருபுறம் பாகீரதியின் உயிரும் மறுபுறம் அவள் கையைப் பற்றியிருந்த தம் கையும் தெரிந்தன. பெருமானே, நீ சாட்சியாக நின்றாய். நீயே வந்து இதை அவிழ்த்துவிடலாகாதா என்று உள்ளுக்குள் மன்றாடினார். நடையின் கோடியில் யாரோ சக்கரக் கட்டிலைத் தள்ளிச் சென்றார்கள். விடை ஒன்றும் வரவில்லை.

மகன் அவரைக் கவனித்திருந்தான். அருகே வந்து என்னவென்று கேட்டான். அவர் கைப்பேசியை நீட்டி அந்த வரியைக் காட்டினார். அவன் படித்துவிட்டு, இதற்கும் அம்மாவுக்கும் என்ன தொடர்பு என்பவன் போல நிமிர்ந்தான்.

“உங்கம்மாவுக்கு இருந்தது,” என்றார் ஆராவமுதன்.

சிறுவயதில் தான் இரண்டுமுறை இருமினால் அம்மா எக்ஸ்ரே எடுக்க இழுத்துப்போவாளே, அதனாலா என்று கேட்டான். அவர் தலையசைத்தார். நான் கேலி செய்வேனே என்றான். பிறகு, “வாங்கோப்பா. டாக்டர் கிளம்பறதுக்குள்ள போலாம்,” என்று தந்தையின் முழங்கையைப் பற்றி எழுப்பினான்.

சுப்ரியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். நடையில் நின்றபடியே ஆராவமுதன் சொன்னார். பதினாறு வயது, குருதி, மாடியறை, ஓராண்டு மருந்து. சொல்லச் சொல்ல ஒவ்வொரு சொல்லும் முள்போல் வெளிவந்தது. பெருமாள்முன் கொடுத்த வாக்கைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அது மருத்துவத்துக்குப் பயன்படாது என்று விட்டுவிட்டார்.

மருத்துவர் பூட்டை மறுபடி திறந்தார். நாற்காலியில் அமர்ந்து முதலில் வார்டுக்குத் தொலைபேசியில் பேசி, காலை மருந்தை நிறுத்தச் சொன்னார். அதன்பின்பே அவரைப் பார்த்தார்.

“மத்தியானம் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம் சார்.”

அவ்வளவுதான் சொன்னார். அதில் சினமில்லை, அதனால் அவருக்கு இன்னும் கடினமாக இருந்தது. மேற்கொண்டு என்ன என்பதைச் சுப்ரியா ஒளிக்காமல் விளக்கினார். நெஞ்சை முழுமையாகப் படமெடுக்கவேண்டும். இதுவரை கொடுத்த மருந்தே பழைய நோயைக் கிளறியிருக்கவும் கூடும். நுரையீரல் மருத்துவரை வரவழைத்துக் காப்பு மாத்திரையை இன்றே தொடங்கலாம். சில வாரம் பொறுத்து அந்த மருந்தைக் கொடுக்க இயலலாம், அதுவரை மூளை தாக்குப்பிடித்தால். தாக்குப்பிடிக்குமா என்று ஷ்ரேயாஸ் கேட்டான். தெரியாது என்றார் அவர். மேசைமேல் இருந்த அச்சுத்தாள்களின் ஐந்தாம் பக்கம் மேலாக மடிக்கப்பட்டிருந்ததையும், அதில் அவ்வரியின்கீழ்ச் சிவப்பு மையால் கோடிழுத்திருந்ததையும் ஆராவமுதன் கண்டார். அவருடைய ‘நிச்சயமா’ என்ற ஒரு சொல்லை நம்பித்தான் அக்கோட்டை அந்தப் பெண் கடந்திருந்தாள்.

அவர் வார்டுக்குத் திரும்பியபோது பாகீரதி விழித்திருந்தாள். செவிலி கொடுத்த புதிய மாத்திரையை விழுங்கிவிட்டு, முகம் சுளித்துக்கொண்டிருந்தாள்.

“வாங்கோ மாமா. எங்காத்துக்காரர் இன்னும் வரலை.”

ஆராவமுதன் படுக்கையருகே அமர்ந்தார். சொல்லாமல் இருந்திருக்கலாம், அவளுக்கு விளங்கப் போவதில்லை. ஆயினும் வாக்கு அவளிடம் கொடுத்தது. முறிந்ததையும் அவளிடமே சொல்லவேண்டும். தலை குனிந்து, தாழ்ந்த குரலில், உனக்குப் பதினாறு வயதில் வந்ததே, அந்த நோயைப் பற்றி டாக்டரிடம் சொல்லியாகிவிட்டது, இன்று முதல் அதற்கும் மாத்திரை தருவார்கள் என்றார்.

பாகீரதியின் முகம் மாறியது. நெடுநாளாக அவர் காணாத கூர்மை அக்கண்களில் வந்தது. கட்டிய கை துணிக்குள் துடித்தது. அண்டைப் படுக்கையில் இருந்தவள் கேட்டுவிடுவாளோ என்பது போல் அவள் இருபுறமும் பார்த்து, அவர் பக்கம் சாய்ந்தாள்.

“உங்களுக்கு யார் சொன்னா?”

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“யாரோ கதை கட்டறா மாமா. நம்பாதீங்கோ,” என்றாள். பிறகு தனக்குள் ஒன்றைக் கண்டுகொண்டவளாய், அச்சம் தணிந்து, மெல்லச் சிரித்தாள். அது அந்த மழைக்காலத்துச் சிரிப்பு. “அது எங்காத்துக்காரர் ஒருத்தருக்குத்தான் தெரியும். அவர் சத்தியம் பண்ணியிருக்கார். உயிர் போனாலும் சொல்லமாட்டார்.”

ஆராவமுதன் அவளுடைய கட்டாத கையைப் பற்றிக்கொண்டார். அன்னியர் கையென்று அவள் இழுத்துக்கொள்ளவில்லை. தலையணையில் சாய்ந்து, விட்ட இடத்தைத் தேடுபவள் போல் சற்றுநேரம் உதட்டை அசைத்தாள். கண்டுகொண்டாள். ஆறாம் பாசுரத்தின் முதற்சொல்லைச் சொல்லி, அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள்.

அவர் அடுத்த சொல்லை எடுத்தார்.